நான் எரித்த ஆறு கார்கள்

நான் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு இன்று பெயின்ட் அடிக்கிறார்கள். பெயின்ட்காரன் தின்னர் டின்னின் மூடியை நெம்பித் திறந்தான். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கையிலிருந்த பால் போத்தலைக் கீழே வைத்துவிட்டேன். குழந்தைகள் பதினோரு பேரையும் வெளியே கூட்டி வந்து, ரப்பர் மர நிழலில் பாய் விரித்து உட்காரவைத்தேன். அவர்களுடைய அம்மாமார் ரப்பர் பால் வெட்டு முடிந்து வர இன்னும் நேரம் இருக்கிறது. வரவு எழுதுகிற கொப்பியின் கடைசித் தாள்களைக் கிழித்து உனக்கு எழுதுகிறேன், தம்பி. நீ போய் மூன்று வருஷமாகிறது. சண்டையும் முடிந்துவிட்டது என்று போன மாதம் டவுனில் பட்டாசு கொளுத்தினார்கள். இனி யாருக்குப் பயந்து நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன்னுடைய ஆறு ரேஸ் கார்களையும் ஆமி எடுத்துக்கொண்டு போகவில்லை. நான்தான் அடுப்பில் வைத்து எரித்தேன். நீ உயிரோடு இருந்தவரை அது உனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். உன்னைப் பிடித்துப் போனதும், இருபது மாதம் வைத்திருந்ததும், உன் வலது கை அப்படி ஆனதும் எல்லாம் அதிலிருந்து வந்தவைதான்.

உனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது ஒரு ஏப்ரல் மாதம், நுவரெலியா ரேஸுக்குப் போய்வந்த பிறகு. நீ பெயின்ட் வேலை செய்த கராஜின் பாஸ் யாருக்கோ ஒரு ரேஸ் காருக்கு டிங்கரிங், பெயின்ட் எல்லாம் செய்து கொடுத்திருந்தார். காரை ஏற்றிய லொறியிலேயே உன்னையும் கூட்டிப் போனார். மூன்று நாள் கழித்து வந்தவன், சோற்றுத் தட்டைச் சுற்றி விரலால் வளைவு போட்டுக் காட்டினாய். "இந்த எடத்துல பிரேக் புடிக்கணும் அக்கா. அவன் புடிக்கல. அப்படியே வளைச்சுட்டான்." சோறு ஆறுது, அதைத் தின்னுட்டு வளை என்றேன். அம்மா செத்து, நாம் இரண்டு பேர் மட்டும் லயத்து வரிசையில் அந்த ஒற்றைக் காம்பராவில் இருந்த காலம் அது. உன் வாயிலிருந்து அவ்வளவு பேச்சு நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிட்டாய். அல்பீசியா மரத்தில் ஒரு துண்டு, பேனாக்கத்தி ஒன்று, கராஜில் வீசுகிற வாட்டர் பேப்பர். வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்தாய். மாவு மாதிரி தூசி நான் துவைத்த துணியிலெல்லாம் படிந்தது. சக்கரத்துக்குக் கம்பை உருட்டி அறுத்தாய். அதன்மேல் சுற்ற, நம் தோட்டத்து ஸ்டோரில் புகை போட்ட ரப்பர் ஷீட்டை வெட்டும்போது விழுகிற ஓரத்தை எடுத்து வந்தாய். அச்சுக்குப் பழைய பிரேக் கேபிள் கம்பி. முன்கண்ணாடிக்குச் சட்டைப் பெட்டியின் பிளாஸ்டிக் மூடி. மெல்லிய தகரத்தை வெட்டிப் பின்பக்கச் சிறகு வைத்தாய்.

பெயின்ட் அடிக்கிற நாளில் என்னை அடுப்பு மூட்ட விடமாட்டாய், புகை ஒட்டும் என்று. அன்றைக்கு நமக்குக் கடைப் பாணும் சம்பலும்தான். ஒரு கோட் அடித்துக் காயவைத்து, தேய்த்து, மறுபடி அடித்து, மறுபடி தேய்த்து, எட்டு கோட் வரைக்கும் போவாய். கோடு போட ஒரு தூரிகையில் மூன்று மயிரை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கிவிட்டாய். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பாய். அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டால் உனக்கு வருகிற கோபம் இருக்கிறதே! "கல்யாணம் கட்டுற வயசுல பொம்மைக் கார் செஞ்சுகிட்டு இருக்கான்" என்று நான் லயம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பேன். "பொம்மை இல்ல அக்கா. அளவு பாரு. நெசக் கார்ல ரெண்டடி, இதுல ஒரு இன்ச். இருபத்துநாலுல ஒண்ணு" என்பாய். பாஸுடைய மகன் ஒன்று கேட்டதற்குக்கூட நீ கொடுக்கவில்லை. மூன்று வருஷத்தில் ஆறு செய்தாய். ஆறையும் கட்டிலுக்குக் கீழே ஒரு மரப்பெட்டியில், துணி சுற்றி வைத்திருந்தாய்.

பெட்டியோடு ஒரு கொப்பியும் இருந்தது. கராஜுக்கு வருகிற ரேஸ் கார்களை நாடா பிடித்து அளந்து, மேலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம், ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி, நெசக் காரின் அடிக்கணக்கு, அதைச் சுருக்கிய இன்ச் கணக்கு என்று கட்டம்போட்ட தாளில் எழுதுவாய். காரின் நம்பர், நிறம், பெட்ரோல் டாங்கி எங்கே இருக்கிறது, சீட் எவ்வளவு உயரம், எல்லாம் தமிழில். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் ஒரு பிள்ளையார் சுழி. அதில் கடைசியாக எழுதியது ஒரு அரசியல்காரருடைய மருமகனின் கார்.

அதை நீ எழுதிய அதே கிழமை கொழும்பில் குண்டு வெடித்திருந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், அப்படி வெடிக்கிற ஒவ்வொரு தடவையும் லயத்தில் அடுப்புகள் வேளை கெட்ட வேளையில் எரியும். யாழ்ப்பாணத்திலிருந்து யாரோ போட்ட பொங்கல் வாழ்த்து, முகம் தெரியாத ஆட்களோடு எடுத்த படம், ரேடியோவிலிருந்து கழற்றிய ஒயர், எதையும் வைத்திருக்க மாட்டோம். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பையனை டோர்ச் லைட்டுக்கு ஒயர் மாற்றி வைத்திருந்தான் என்று ஏற்றிப் போனார்கள். காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டில் கங்காணி வந்து, "இன்னைக்கு நம்ம பக்கம் சோதனைக்கு வர்றாங்களாம். வீட்ட கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். நீ அதற்கு முன்பே கராஜுக்குப் போய்விட்டாய்.

நான் வீட்டுக்கு ஓடிவந்து பெட்டியை இழுத்தேன். கம்பி, தகரம், தின்னர் வாடை. எனக்கு அந்த நேரத்தில் அவை காராகத் தெரியவில்லை. ஒயரும் டின்னும் பார்த்துப் பயந்த கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். ஒவ்வொன்றாகத் துணியைப் பிரித்து அடுப்பில் வைத்தேன். சிவப்புக் கார் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கிக் கறுத்தது. ரப்பர் எரிகிற நாற்றம் ரப்பர் தோட்டத்தில் யாருக்குத் தெரியப்போகிறது? மிஞ்சிய தகரத்தையும் கம்பியையும் சாம்பலோடு அள்ளி ஓடையில் கொட்டினேன்.

கொப்பியையும் எரிக்கத்தான் கையில் எடுத்தேன். திறந்தேன். மேலே பிள்ளையார் சுழி. எழுத்து இருக்கிற தாளில் கால் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்கிற நாம் அதை எப்படி நெருப்பில் போடுவது? உள்ளே கணக்குத்தானே, பள்ளிக்கூடக் கொப்பி மாதிரித்தானே இருக்கிறது என்று நினைத்தேன். கண்ணில் ஒற்றி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்று முழுக்க மனசு லேசாக இருந்தது. இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

பின்னேரம் நாலு மணிக்குப் போலீஸ் வந்தது. நீயும் அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாய். சாமி படத்தைத் தூக்கிப் பார்த்தவன் கையில் கொப்பி வந்தது. ஒரு இன்ஸ்பெக்டர் அதைப் புரட்டினார். கார், அம்புக்குறி, டாங்கி, நம்பர். அந்த அரசியல்காரர் மருமகனின் நம்பரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. நீ கொஞ்சமும் பயப்படவில்லை. சிரித்துக்கொண்டே உன்னுடைய நல்ல சிங்களத்தில் சொன்னாய்: "சர், அது சின்னக் கார் செய்யிற அளவு. ஆறு கார் இருக்கு. இதோ காட்டுறேன்."

குனிந்து பெட்டியை இழுத்தாய். திறந்தாய். உள்ளே துணி மட்டும் கிடந்தது.

"கோ கார்?" என்றார் இன்ஸ்பெக்டர். கார் எங்கே. அவ்வளவுதான் கேட்டார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை, எங்கேயாவது எடுத்து வைத்தாயா என்று கேட்கிற பார்வை. நான் எரித்துவிட்டேன் என்று அப்போது சொல்லியிருந்தால் போதும். ஓடையில் கம்பியும் தகரமும் கிடந்தது, காட்டியிருக்கலாம். ஆனால் ஏன் எரித்தாய், என்னத்தை எரித்தாய், யார் எரிக்கச் சொன்னது என்று என்னையும் ஜீப்பில் ஏற்றுவார்களே என்று பயந்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். உன் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்துப் போனார்கள்.

உன்னைப் பார்க்க விட்டது மூன்று கிழமை கழித்து. கம்பிக்கு அந்தப் பக்கம் நீ நின்றாய். உதடு வீங்கியிருந்தது. சாப்பிட்டியா என்று நான் கேட்பதற்குள், "கார் எங்க அக்கா?" என்றாய். காவலுக்கு நின்றவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயில் வந்ததைச் சொன்னேன். "காலையிலேயே ஆமிக்காரங்க வந்தாங்க. எடுத்துட்டுப் போயிட்டாங்க."

உன் முகத்தில் உடனே வெளிச்சம் வந்தது. "அப்ப இருக்குதானே! எடுத்துப் பாத்தாங்கன்னா முடிஞ்சுது. இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா." எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு உள்ளே போனாய்.

நீ போய் அவர்களிடம் அதையே சொன்னாய். அவர்கள் ஆமி முகாமில் விசாரித்தார்கள். அன்று காலை அந்தத் தோட்டத்துக்கு ஆமி போகவே இல்லை என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு நீ பொய் சொல்கிறாய் என்று வைத்துக்கொண்டு கேட்டார்கள். அடுத்த தடவை பார்க்க வந்தபோது உன் வலது கையில் துணி சுற்றியிருந்தது. விரல்கள் எப்படி ஆனது என்று நான் கேட்கவில்லை. "அந்தக் கார வேற எங்கேயாவது வச்சிருப்பாங்க. தேடச் சொல்லியிருக்கேன்" என்றாய்.

பாஸ் நல்ல மனுஷன். தானாகவே ஸ்டேஷனுக்குப் போய், பையன் என்னிடம் எட்டு வருஷமாக வேலை செய்கிறான், கார் செய்ததை நான் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னார். உனக்கும் அதில் பங்கா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து நம் வாசலில் நின்று, தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒரே ஒரு கார் காட்டினா போதும் நங்கி. ஒண்ணே ஒண்ணு."

அதைக் கேட்ட பிறகுதான் நானே ஒரு கார் செய்ய உட்கார்ந்தேன். இதுவும் உனக்குத் தெரியாது. மீதிக் கிடந்த அல்பீசியாத் துண்டை எடுத்து, உன்னுடைய கத்தியால், நீ உட்கார்ந்த அதே வாசற்படியில் செதுக்கினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை. மூக்குப் பக்கம் சரியாக வந்தால் பின்பக்கம் கோணிக்கொண்டது. இரண்டு தடவை கையை வெட்டிக்கொண்டேன். சக்கரம் நாலும் நாலு அளவு. சிவப்புப் பெயின்ட் ஒரே கோட்டில் தடியாக வழிந்து, தேய்க்கத் தேய்க்க மரம் தெரிந்தது. நீ ஒரு காருக்கு எதற்கு ஆறு மாதம் எடுக்கிறாய் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கி என்ன பிரயோசனம்?

அதைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். தம்பி செய்த காரில் ஒன்று கிடைத்துவிட்டது என்று சொன்னேன். இன்ஸ்பெக்டர் கொப்பியை எடுத்தார், ஒரு அடிமட்டம் எடுத்தார். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே வைத்துப் பார்த்தார். கொப்பியில் மூன்று இன்ச் சொச்சம் என்று இருந்தது. என் காரில் நாலேகால். வேறு பக்கம் புரட்டினார், அதிலும் சேரவில்லை. அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "உன் தம்பி அளவு தெரிஞ்ச ஆளு. இது அவன் செஞ்சதில்ல" என்றார். காரைத் தன் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். அக்காவையும் பொய் சொல்ல அனுப்பியிருக்கிறான் என்று உன் பைலில் எழுதினார்களாம். யூனியன் பார்த்துக் கொடுத்த லோயர் அதைப் பிறகு எனக்குச் சொன்னார்.

அவரிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் அலுவலகத்துக்கு இரண்டு தடவை அதற்காகவே போனேன். இரண்டு தடவையும் வேறு எதையோ பேசிவிட்டு பஸ் ஏறினேன். முதலில் போலீசுக்குப் பயந்தேன். பிறகு உனக்குப் பயந்தேன். பொய் ஆரம்பித்தது நான், அடி வாங்கியது நீ. இதை எந்த முகத்தோடு உன்னிடம் சொல்வது?

இருபது மாதம் கழித்து, குற்றம் எதுவும் இல்லை என்று விட்டார்கள். பாஸ் மறுபேச்சு இல்லாமல் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். ஆனால் தேய்க்கிற வேலை மட்டும்தான். வலது கையின் மூன்று விரல் மடங்காது. தூரிகை நிற்காது. ஒரு பௌர்ணமிப் போயா லீவுக்கு மரத்துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாய். நான் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தி இரண்டு தடவை வழுக்கியது. மரத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "பரவால்ல. அந்த ஆறும் கெடச்சா போதும்" என்றாய். அன்றைக்குப் பிறகு நீ மரத்தைத் தொடவில்லை.

மாதத்துக்கு ஒரு தடவை ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம். மற்றவர்கள் கையெழுத்தைப் போட்டுவிட்டு எப்போது வெளியே வருவோம் என்று ஓடிவருவார்கள். நீ நின்று, ஆமி எடுத்துப்போன கார் ஏதாவது வந்ததா சர் என்று கேட்பாய். உன்னை அங்கே 'ரேஸ்காரயா' என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். ஒருவன் லாச்சியைத் திறந்து, நான் செய்து கொடுத்த அந்தக் கோணல் காரை எடுத்துக் காட்டி, இதுதானே என்று கேட்டானாம். "எவனோ செஞ்ச குப்பைய காட்டுறான் அக்கா. அத என்னோடதுன்னு சொல்றான்" என்று வந்து சொன்னாய். அன்று நீ சாப்பிடவில்லை. நான் பின்பக்கம் போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். கையெழுத்துப் போட வேண்டாம் என்று ஆன பிறகும் நீ போய்க் கேட்பதை நிறுத்தவில்லை.

"விட்டுத் தொலையேன்டா. போனது போனதுதான்" என்று ஒருநாள் கத்தினேன். நீ கத்தவில்லை. "ஒலகத்துல என் கையால செஞ்சதுன்னு இருக்கிறது அது ஆறுதான் அக்கா. இனி செய்யவும் முடியாது. அதுக்குத்தான் கேக்குறேன்" என்றாய்.

நீ தெரிந்துகொண்டே என்னைச் சோதித்தாயோ என்று சில நாள் நினைப்பேன். இல்லை. தெரிந்திருந்தால் நீ கேட்டிருப்பாய், கத்தியிருப்பாய், என் கையால் சோறு தின்றிருக்கமாட்டாய். நீ என்னை நம்பினாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உள்ளே வாங்கிய அடியா, கராஜ் தூசியா, உன் நெஞ்சு ஒரு மழைக்காலத்தோடு கெட்டுப்போனது. கரவனெல்ல ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் இருந்தாய். மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு தாளும் பேனாவும் கேட்டாய். டொக்டருக்கு ஏதோ எழுதப்போகிறாய் என்று நினைத்தேன். இடது கையால் இரண்டு நாள் எழுதினாய், ஒரு பக்கம் சிங்களத்தில், எனக்குப் புரியட்டும் என்று மறுபக்கம் தமிழில். மூன்றாம் நாள் என்னிடம் கொடுத்தாய். "நான் கேட்டா சிரிக்கிறாங்க. நீ பொம்பள, வயசான ஆளு. நீ போய்க் கேளு. குடுத்துருவாங்க."

அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது சொல்லியிருக்கலாம். வார்ட்டில் யாரும் நம்மைக் கவனிக்கவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு, சரி தம்பி, போய்க் கேட்கிறேன் என்று சொன்னேன். மறுநாள் விடியும்போது நீ இல்லை.

அந்தத் தாளை மடித்து என் அடையாள அட்டையோடு வைத்திருக்கிறேன். எங்கே போனாலும் கூடவே வருகிறது. என்னுடைய ஆறு கார்களையும் என் அக்காவிடம் ஒப்படைக்கவும் என்று மேலே எழுதியிருக்கிறாய். அதன் கீழே ஒவ்வொரு காரின் நிறம், நம்பர், நீளம் எத்தனை இன்ச் என்று வரிசையாக, ஒன்றுகூட மறக்காமல். எல்லாவற்றுக்கும் கீழே, 'ஆறு கார்களையும் சேதமில்லாமல் பெற்றுக்கொண்டேன்' என்று நீயே ஒரு வரி எழுதி, நான் கையெழுத்துப் போட ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறாய். இடது கையால் இழுத்த கோடு, ஆனாலும் நேராக இருக்கிறது.